முள் என்று நினைத்து நோண்டினேன்

சாளை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்த என் ஆறு வயது மகள், துபாயில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ காலில் ஆடும் பல்லைக் காட்ட வாயை அகலத் திறந்தாள். நாக்குக்குப் பின்னால் வெளிறிய விளிம்பு ஒன்று தெரிந்தது. மீன் முள் என்றே நினைத்துவிட்டேன்.

முட்டத்தில் எங்கள் பக்கம், முள் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கவைப்பார்கள். நானும் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். அது அப்படியே இருந்தது. "நோவல்லம்மா, முள்ளு இல்லம்மா" என்று அவள் அழ அழ, விரலை விட்டு நோண்டினேன். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "முள்ளு இல்லம்மா. விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடுற மூடி இது. சில பிள்ளைகளுக்கு மேலே எழும்பித் தெரியும், ஒண்ணும் செய்யாது" என்றவர், "இந்தக் கீறல் எப்படி வந்துது?" என்று கேட்டார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எதுவானாலும் வலிக்கிறதா என்று முதலில் அவளிடம் கேட்கிறேன். சந்தேகம் இருந்தால் சோற்று உருண்டையும் இல்லை, விரலும் இல்லை, நேராக டாக்டரிடம்தான்.

அந்தப் பல் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தை அப்பாவுக்கு வாய் திறந்து காட்டுகிறாள். நான் பக்கத்தில் போனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள்.