கடிதம் கொடுத்த வேலையும் நட்சத்திரம் கொடுத்த வேலையும்

1. கையில் கொத்து ரொட்டி

என் வேலை போன நேரம் என் கையில் சூடான கொத்து ரொட்டிப் பொதி ஒன்று இருந்தது.

இரத்தினபுரி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசல். நல்ல மழை. பொதியை ரெயின்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று போனில் டெலிவரி ஆப்பைப் பார்த்தேன். முகவரி இருந்த இடத்தில், "உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, பார்ட்னர்" என்று இருந்தது.

"என்னக்கா, இன்னும் போகலியா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"யாருக்குக் கொண்டுபோறதுன்னு தெரியலீங்க."

கொஞ்ச நேரத்தில் வேறொரு பைக் வந்து நின்றது. அந்த ஆள் ஹெல்மட்டைக் கூடக் கழற்றவில்லை. "அக்கா, அது இப்ப என்னோட ஓடர்" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் என் கணவர் தேயிலைக்கு நிழல் தரும் மரத்தை வெட்டப் போய் விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். என் ஸ்கூட்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

2. வந்த நோக்கம்: வேலை

வேலை போவது எனக்குப் புதிதல்ல. அதற்கு முன்பு ஒன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை எனக்கு வேலை போயிருக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஒபீஸில் கிளாக்கராக இருந்தேன். ஆறு மாத கொன்ட்ராக்ட். நிரந்தரமாக்கினால் அவர்களுக்குத் தொல்லை என்பதால், ஒரு கடிதம் முடிந்து அடுத்த கடிதம் தொடங்குவதற்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விடுவார்கள். அந்த ஒரு நாள் நான் தோட்டத்தில் யாருமில்லை.

ஆனால் அது மாத முதல் நாள். செக்ரோலை, அதாவது ஆட்களின் வருகைப் புத்தகத்தை, அன்றுதான் முடிக்க வேண்டும்.

"செல்வி, நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல" என்பார் பெரிய கிளாக்கர் ஐயா. "ஆனா காலையிலயே வந்துரு. செக்ரோல் முடிக்கணும்."

"என்னான்னு சொல்லி வர்றதுங்க ஐயா?"

அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அன்று நான் கேட்டில் வாட்சரிடம் விருந்தினர் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவேன். பெயர்: செல்வராணி. யாரைப் பார்க்க: பெரிய கிளாக்கர். வந்த நோக்கம் என்ற இடத்தில் முதல் தடவை என்ன எழுதுவது என்று தெரியாமல், 'வேலை' என்று எழுதினேன். ஒன்பது வருடமும் அப்படியே எழுதினேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. விருந்தாளி என்பதால் அன்றைக்கு மட்டும் எனக்குக் கோப்பையும் சாசருமாகத் தேநீர் வரும்.

கடைசியில் ஒரு தடவை கடிதம் வரவில்லை. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நேரே தோட்டத்து மேனேஜரான துரையின் அறைக்குப் போனேன். அரை மணி நேரம் சத்தம் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் கேட்டார். "நீ சொல்றது நியாயந்தான் செல்வி. மேலிடத்து முடிவு, நான் என்ன செய்ய?" என்றார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

3. கையை விரித்துக் காட்டும் முதலாளி

பிறகுதான் ஆப் வேலைக்கு வந்தேன். பெரிய கிளாக்கர் இல்லை, கேட் இல்லை, லீவு கேட்க வேண்டியதில்லை. நம்மைத் தொழிலாளி என்றும் சொல்வதில்லை, பார்ட்னராம். "பார்ட்னர்னா பங்காளிதானே. பங்காளின்னா சண்டை புடிக்கவாச்சும் ஒரு ஆள் இருக்கணுமே" என்றார் கணவர், காலைத் தூக்கித் தலையணையில் வைத்தபடி. அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நல்ல பெயர் எடுத்தேன். ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரத்துக்குக் குறையாமல் ஓடினேன். அப்போதுதான் ரஹீம் நானாவின் ஓடர் வரத் தொடங்கியது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். டவுனுக்கு வெளியே வயல் நடுவில் அவருக்கு ஒரு மாணிக்கக் குழி இருந்தது. அங்கே வேலை செய்பவர்களுக்குத் தினமும் பகல் சாப்பாடு.

முதல் நாள் பார்சல்களோடு வரப்பில் இறங்கினேன். குழியின் மேற்பார்வையாளர் பியசேன இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, வேண்டாம் தங்கச்சி என்று சிங்களத்தில் கத்தியபடி ஓடி வந்தார்.

"எப்பா நங்கி, எப்பா! கிட்ட வராதீங்க!"

பெண்கள் குழிக்கருகே போனால் கல் கிடைக்காது என்று அங்கே ஒரு நம்பிக்கை. சாப்பாட்டை வரப்பிலேயே வாங்கிக்கொண்டார். ஆனால் வாடிக்கையாளர் நாலு இலக்க நம்பர் சொன்னால்தான் ஓடர் முடியும். நம்பர் குழியோரக் குடிலுக்குள் இருந்த நானாவின் போனில். நடுவே தண்ணீர் இறைக்கும் மோட்டார் இரைகிறது. நானா தமிழில் கத்த, பியசேன சிங்களத்தில் திருப்பிக் கத்தினார். அவர் சொன்னது ஏழுக்கான 'ஹத'வா, எட்டுக்கான 'அட்ட'வா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை பிழையாக அடித்தேன். கடைசியில் நானா குடையோடு வெளியே வந்து விரல்களைக் காட்டினார். எட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். குடையைப் போட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி எட்டு விரலையும் விரித்துக் காட்டினார்.

அன்றிலிருந்து அதுவே முறையானது. பியசேன சாப்பாட்டை வாங்குவார், நானா தூரத்தில் நின்று விரல் காட்டுவார், சிரித்துக் கையசைப்பார். ஆனால் அவர் கையசைத்த ஒவ்வொரு பகலும் என் நட்சத்திரம் குறைந்தது. இரண்டு வாரத்தில் நாலுக்குக் கீழே போய், பிறகு மூன்றையும் தொட்டது. மற்ற எவரிடமும் ஒரு முறைப்பாடும் இல்லை. அந்தக் கொத்து ரொட்டி நாளில் கணக்கே நின்றது.

ஏன் என்று கேட்டு ஆப்புக்கு எழுதினேன். "தொடர்புகொண்டமைக்கு நன்றி, பார்ட்னர்" என்று பதில் வந்தது. அதன் கீழே, எங்கள் பதிலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும்.

4. குழியோரம்

மறுநாள் காலை சாப்பாடு இல்லாமலே வயலுக்குப் போனேன். பியசேன கையைத் தூக்கினார். நான் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் நடந்து குழியின் விளிம்புக்கே போய் நின்றேன்.

"நானா, நேராவே கேக்குறேன். பொம்பள ஒருத்தி குழிப்பக்கம் வந்துட்டான்னு தானே தெனமும் ஒரு ஸ்டார் போட்டீங்க? என் வேலையே போயிருச்சு!"

ரஹீம் நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்ன தங்கச்சி செல்றீங்க? மழையிலயும் சோறு சூடா வந்தீக்கி. அதனாலதான் நா ஒவ்வொரு நாளும் ஒண்டு போட்டேன்."

"ஒண்ணா?"

"ஒண்டுதானே முதலாம் இடம்! உங்கள அஞ்சாம் இடத்துல போடச் செல்றீங்களா?"

பியசேன என்ன விஷயம் என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். குழிக்குள்ளிருந்து ஒருவர் என்னவென்று கத்த, பியசேன எட்டிப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து பூமிக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது.

நானா மட்டும் சிரிக்கவில்லை. உடனே போனை எடுத்து ஆப்பின் உதவி நம்பருக்கு அடித்தார். தமிழுக்கு மூன்றை அழுத்தினார். அதற்குப் பிறகு பாட்டு. பாட்டு முடிந்து, உங்கள் அழைப்பு முக்கியமானது என்று ஒரு குரல். "முக்கியமெண்டா எடுங்களே புள்ள!" என்று அந்தக் குரலிடம் கெஞ்சினார். மறுபடியும் பாட்டு. போனைப் பையில் போட்டுவிட்டு, "வாங்க, நேர போய்ப் பேசுவோம். எங்க ஈக்கி இவங்கட ஒபீஸ்?" என்றார்.

"தெரியாது நானா."

"முதலாளிட பேரு?"

"அதுவும் தெரியாதுங்க."

"இவ்வளவு நாளா வேல செஞ்சீங்க. ஆரு கிட்ட வேல செஞ்சீங்கெண்டு தெரியாதா?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. துரையின் நாய்க்கு என்ன பெயர் என்று கூட எனக்குத் தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு.

5. கலண்டர் தாள்

கணக்கு ஏழு நாள் கழித்துத் தானாகவே திறந்தது. ஏன் மூடியது, ஏன் திறந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. "மீண்டும் வருக, பார்ட்னர்!" அவ்வளவுதான்.

அந்த ஏழு நாளும் நானா ஆப்பைத் தொடவில்லை. பகல் சாப்பாட்டை நேரடியாக என்னையே கொண்டுவரச் சொன்னார். அந்த வாரம் குழியில் கல் ஒன்றும் கிடைக்கவில்லை. என் தலையில்தான் விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். பியசேனதான் கணக்குப் பார்த்து, நான் வருவதற்கு முந்திய ஐந்து மாதமும் எதுவும் கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னார்.

இப்போது பகலில் நானாவுக்கும் பக்கத்துக் குழிகள் இரண்டுக்கும் சாப்பாடு. பின்னேரத்தில் ஆப். எது நல்லது, கொன்ட்ராக்டா ஆப்பா என்று வேலை தேடும் பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டிலும் நான் வெளியே தள்ளப்பட்டிருக்கிறேன், அதனால் ஒரு பக்கம் சேர்ந்து பேச என்னால் முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: உன்னை நிறுத்தக்கூடிய ஆள் எங்கே இருக்கிறார், அவர் முன்னால் போய் நின்று ஏன் என்று உன்னால் கேட்க முடியுமா என்று, சேரும் முன்பே விசாரித்துக்கொள்.

நானாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது நான் அதைத்தான் கேட்டேன். எழுத்தில் வேண்டும் என்றேன். அவர் கலண்டரில் பழைய மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்:

"செல்வி தங்கச்சி பகல் சாப்பாடு கொண்டு வருவார். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வேன். அவரும் சொல்லலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் மட்டும் சொல்ல வேண்டாம்."