வூமிலேயின் தொப்பி

எங்கள் தெருவில் தெம்பெகாம்மாவுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெற்றவர்கள் சொல்லவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், சொவேட்டோ முழுக்கத் தேடினாலும் இப்படி ஈவிரக்கமில்லாத தெரு கிடைக்காது. நானும் இதே தெருவில்தான் குடியிருக்கிறேன், அதனால் சொல்லலாம்.

பள்ளிக்கூடச் சமையலறையில் மக்காச்சோளக் களி கிண்டியே அவருக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். "விசாலமா இருக்குடா, காலை நீட்டிக்கலாம்" என்பார் என்னிடம். நான் வாடகை வேன் ஓட்டுகிறவன். என் வண்டியில் அவர் ஏறினால் சிலர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும் என்று நானும் கிளம்பிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் 'நாலரை மணி ரயில்' என்றொரு பாட்டு நாடகம் எங்கள் பக்கத்து மன்றங்களில் சக்கைப்போடு போட்டது. நகரத்தில் வேலை முடிந்து ரயிலில் திரும்பும் சனங்களின் கதை. எந்த மன்றத்தில் போட்டாலும் முன் பெஞ்சில் இளம்பெண் தெம்பெகா இருப்பார். பாட்டுக்காகப் போனேன் என்று இன்றைக்கும் சாதிப்பார். பச்சைப் பொய். வெள்ளைக்கார அரசின் போலீசுக்கு ஆள் காட்டிக்கொடுக்கும் உளவாளியாக நடித்த வூமிலேயைப் பார்க்கத்தான் போனார். பார்த்துப் பார்த்து அவரையே கட்டிக்கொண்டார்.

அந்த நாடகத்தில் உளவாளி ரயிலடிக்கு வரும் கட்டம் ஒன்று உண்டு. பாட்டு சட்டென்று நிற்கும். டிரம்மில் ஒரே ஒரு அடி விழும். உளவாளி கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொடுவான். யாரைப் பார்த்துத் தொடுகிறானோ அந்த ஆளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். வூமிலே மேடையில் இருப்பவர்களோடு விடமாட்டார், சபையையும் ஒரு சுற்று பார்ப்பார். டிரம் அடித்ததுமே மன்றம் மொத்தமும் "நான் இல்ல, நான் இல்ல" என்று கத்திக்கொண்டு குனியும். பெண்கள் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். பகலெல்லாம் நிஜ உளவாளிக்குப் பயந்து செத்த சனம் அங்கே குனிந்து கிடந்து வயிறு வலிக்கச் சிரித்தது.

குழு கலைந்தது. கூலிக்குப் பதிலாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார் வூமிலே. தெருவில் யாராவது "வூமிலேண்ணே, தொப்பி!" என்றால் போதும், தொடுவார். கேட்டவன் வேலிக்குப் பின்னால் பதுங்குவான். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

எண்பத்தாறில் தெருவுக்குத் தெரு ராணுவ வண்டி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மனுஷனுக்கு அது உறைக்கவில்லை. ஒருநாள் காலை எதிர்வீட்டு நொமாலங்காவின் மகன் லுங்கிசா வாசலைக் கடந்து போனபோது, பழக்கதோஷத்தில் அவனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். பையன் முழித்துவிட்டுப் போனான். அதே வாரம் போலீஸ் அவனைத் தூக்கியது. அவன் திரும்பவே இல்லை.

போராட்டத்தின் பேரில் தெருவை அப்போது நடத்திக்கொண்டிருந்த இளவட்டங்கள் வந்தார்கள். முதலில் நொமாலங்கா வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். பிறகு கழுத்தில் மாட்டிக் கொளுத்த டயரும் பெட்ரோலுமாக வூமிலே வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். என் அம்மா என் கண்ணைப் பொத்தினாள், காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.

"அது நாடகத்துல வர்றது! யாரையாவது கேளுங்கடா!" என்று தெம்பெகாம்மா வீடு வீடாகக் கதவைத் தட்டினார். நாடகம் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் உளவாளிக்குப் பரிந்து பேசுகிறவனும் உளவாளி என்பது அன்றைய நியாயம். கதவு திறக்கவில்லை. நொமாலங்கா மட்டும் வாசலுக்கு வந்து, "என்ன நாடகம்? நாங்க கோயிலுக்குப் போற குடும்பம். அந்தக் கொட்டாய்ப் பக்கம் காலெடுத்து வச்சதில்ல" என்றாள்.

அந்தப் பேச்சைத்தான் தெம்பெகாம்மா இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவார், நொமாலங்காவை ஒரு வார்த்தை சொல்லவிட மாட்டார். "புள்ளையப் பறிகொடுத்தவடா. அவ நாடகத்தைப் பாக்கல. பாத்திருந்தா தடுத்திருப்பா" என்பார்.

போன வருஷம் நகரத்துப் பெரிய அரங்கில் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். பழைய நடிகர்களின் குடும்பங்களுக்கு டிக்கெட் அனுப்பினார்கள். இவருக்கு மூன்று வந்தது. ஒன்று எனக்கு, வண்டி ஓட்டுகிற கூலி.

"இன்னொண்ணு நொமாலங்காவுக்கு" என்றார்.

"அவங்க எதுக்குமா? மூஞ்சி குடுத்தே பேசினதில்ல."

"என்ன ஏதுன்னு நான் சொல்லப்போறதில்ல. வந்து பாக்கட்டும். அப்படி ஒரு கட்டம் நாடகத்துல இருக்குன்னு அவ கண்ணால பாத்துட்டா போதும்டா. அப்புறம் நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

தெருவைக் கடந்து அவரே போய்க் கொடுத்தார். நொமாலங்கா வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியக் காட்சி. அரங்கில் கால் புதையும் கம்பளம், குளிர்சாதனம். முதல் பாட்டுக்கே தெம்பெகாம்மா பழைய வழக்கப்படி எழுந்து குரல் கொடுத்தார். ஒரு பெண் ஓடிவந்து, "சத்தம் போடாதீங்கம்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்றாள். சாவு வீட்டில்கூட நாங்கள் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

இயக்குநர் ஒரு இளைஞன். உளவாளியைக் கோமாளியாகக் காட்டுவது செத்தவர்களை அவமதிப்பது என்று ஆரம்பத்திலேயே மேடைக்கு வந்து பேசியிருந்தான். நல்லதப்பா. அவனுடைய உளவாளி சிரிக்கவில்லை, நெளியவில்லை, பாம்பு மாதிரி வந்து நின்றான். தலையில் தொப்பியும் இல்லை. தெம்பெகாம்மா மேடையைப் பார்க்கவே இல்லை. நொமாலங்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மாறப்போகிற நிமிஷத்துக்காக.

பாட்டு நின்றது. டிரம்மை மட்டும் அந்தப் பையன் விட்டுவைத்திருந்தான். ஒரே ஒரு அடி விழுந்தது.

உளவாளி பாக்கெட்டில் கையை விட்டபடி சும்மா நின்றான். அரங்கில் ஒரு இருமல் இல்லை. அத்தனை பேரில் ஒரே ஒரு ஆள் குனிந்தது. நொமாலங்கா கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முன் இருக்கையின் முதுகுக்குக் கீழே குனிந்திருந்தாள்.

மறுநொடியே நிமிர்ந்தாள். பையை மடியில் வைத்தாள். மேடையையே பார்த்தாள், எங்கள் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவர்கள் இருவரும் எழவில்லை.

வண்டி பாதி வழி வந்தது. பிறகு தெம்பெகாம்மா கேட்டார்:

"எங்க பாத்த?"

"ரயிலடி மன்றத்துல" என்றாள் நொமாலங்கா. "நீ முன் பெஞ்சுல இருப்ப. நான் கடைசியில. வீட்டுக்குத் தெரியாமப் போவேன்."

"சிரிச்சியா?"

"எல்லாரும்தான சிரிச்சோம்."

"அந்தப் பசங்க உன்கிட்ட வந்து கேட்டப்போ?"

"தொப்பியத் தொட்டானான்னு கேட்டாங்க. தொட்டான்னேன்."

"நாடகம்னு சொல்லலையா?"

நொமாலங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எம்புள்ள போயிட்டான், தெம்பெகா. யாராவது ஒருத்தன் அதுக்குப் பதில் சொல்லணும்ல. யாருன்னு எனக்குத் தெரியல. உம்புருஷன் எதிர்வீட்ல இருந்தான்."

நொமாலங்காவை அங்கேயே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் வயசானவளை நடுரோட்டில் எப்படி இறக்குவது? தெருவில் நிறுத்தியதும் அவளே இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தன் வீட்டுக்குள் போனாள்.

தெம்பெகாம்மா இறங்கவில்லை. எதிர்வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்கு வந்தாச்சும்மா" என்றேன்.

"அவளுக்குத் தெரியாது, தெரியாதுன்னுதான்டா இத்தனை வருஷமா அவள மன்னிச்சு வச்சிருந்தேன்" என்றார். "இந்தத் தெருவுல எனக்குன்னு இருந்தவ அவ ஒருத்திதான்."