தார்ப்பாய் மூடிய ஆறு வேகன்கள்

எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு விதிதான் இருந்தது. எண்ணிப் பார்க்காத எதையும் மேஜைமேல் வைக்கக் கூடாது.

சங்கம் என்பது பெரிய வார்த்தை. நாங்கள் ஐந்து ஆண்கள், கூட என் மகள். இரும்புலியூரில் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் ஷெட்டில் சனிக்கிழமை மதியங்களில் கூடுவோம். நான்கு பலகைகளை மேஜைமேல் சேர்த்துப் போட்டால் அதுதான் எங்கள் பொம்மைத் தாம்பரம் ஸ்டேஷன். பிளாட்பாரம், நடைமேம்பாலம், தெற்குப் பக்கத்து யார்டு எல்லாம் அதில் அடங்கும். பித்தளைப் பட்டையில் தண்டவாளம், பிஸ்கட் டின்னில் வேகன், மேலே மின்கம்பிக்கு வீணைத் தந்தி. மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பழைய மோட்டார் எங்கள் மின்சார ரயிலை உறுமிக்கொண்டு இழுக்கும். மாலையானதும் எல்லாவற்றையும் கழற்றிப் பலகைகளைச் சுவரோடு அடுக்கிவிட வேண்டும், மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவரவர் செய்த வண்டியை அவரவர் டின்னில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவோம்.

பின்திரையில் எங்களில் ஒருவரான கம்பவுண்டர் திருநீர்மலையை அதன் கோயிலோடு வரைந்திருந்தார். ஆயர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "அந்தக் கோயில் அவசியம் வேணுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"அது இருக்கற எடத்துல இருக்குது ஐயா. நாங்களா கட்டினோம்?" என்றார் எங்களில் மூத்தவரான ரிட்டையர்டு ரயில்வே கார்டு. ஆயர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ரயில் நிலையத்தில் படம் எடுக்கக் கூடாது என்று போர்டு இருந்தது. நாங்கள் சட்டத்துக்குப் பயந்தவர்கள். கம்பவுண்டரிடம் நல்ல கேமரா ஒன்று இருந்தும் அதைத் தாம்பரம் பக்கம் கொண்டுவந்ததே இல்லை. பென்சிலைப் பற்றிப் போர்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆகவே நடந்தோம், எண்ணினோம், நோட்டில் எழுதினோம். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் தனியாகப் போய் எண்ணி ஓரத்தில் டிக் போட வேண்டும். மூடிய வேகன் மூ.வே., திறந்த வேகன் தி.வே., தார்ப்பாய் போட்டது தா.வே. சிக்னலுக்கும் தடம் மாறும் பாயிண்டுக்கும் இடையே எத்தனை காலடி என்பதும் எழுதப்படும்.

காலடி என் மகளுடையது. ஒரு நாள் ஷெட் வாசலில் அளந்து பார்த்தோம். எங்கள் ஐந்து பேர் காலடியும் பத்து எட்டுக்குள் மாறிவிட்டது. அவளுடையது இரண்டடி இரண்டங்குலம், நூறு எட்டு வைத்தாலும் அதே. "நம்ம டேப்பு வந்துட்டுதா?" என்று கார்டு கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். "வந்தாச்சு அங்கிள், சுருட்டி வெச்சிருக்கேன்" என்பாள்.

அவளுக்கு அது விளையாட்டு அல்ல. பத்து வயதிலிருந்தே ரயில்வேயில் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். என்ன வேலை என்று கேட்டால், எந்த வேலையானாலும் சரி, யூனிபாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்டேஷனுக்குள் மேஜை இருந்தால் போதும் என்பாள். நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போய் வருபவன். அவள் ஆசை எனக்குப் பிடித்திருந்தது. அதை நான்தான் வளர்த்தேன்.

எழுபத்தொன்று டிசம்பரில் யுத்தம் வந்தது. கார்களின் முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்பு பூசச் சொன்னார்கள். தாம்பரத்தில் விமானப்படைத்தளம் இருப்பதால் ஊரில் பேச்சு அதிகம். என் அலுவலகத்தில் ஊழியர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நானும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் என் மனம் முழுவதும் ஜனவரி முதல் தேதியில் இருந்தது. ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோருக்கும் எங்கள் தாம்பரத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. கிழக்குப் பக்கத்தில் வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் கடைசி சைடிங் மட்டும் பாக்கி. அதில் எத்தனை வேகன் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு காலை, பீச்சுக்குப் புறப்படும் அவசரத்தில் அவளிடம் நோட்டைக் கொடுத்து, "காலேஜ் விட்டு வர்றப்ப அந்தக் கடைசி சைடிங்கைக் கொஞ்சம் பார்த்துட்டு வாம்மா" என்றேன்.

"இன்னிக்கேவாப்பா?"

"இன்னிக்குத்தான் அதுல வண்டி நிக்குது. எண்ணறதுக்குச் சுலபம்."

இவ்வளவுதான் நான் சொன்னது. யுத்தம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாலை ஆறு மணி வாக்கில் தாம்பரத்தில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் கார்டு எனக்காகக் காத்திருந்தார்.

"சார், பதறாதீங்க. பாப்பாவ உள்ள ஒக்கார வெச்சிருக்காங்க."

"எங்கே?"

"போலீஸ் ரூம்ல."

"எதுக்கு?"

"நோட்டுக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் போய் சொல்லிப் பாத்தேன் சார். நீ யாருன்னாங்க. ரிட்டையர்டு கார்டுன்னேன். அப்ப ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுன்னாங்க."

அவள் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகங்கள், காலடியில் டிபன் பாக்ஸ். அழவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில், "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். மூன்று மணியிலிருந்து அங்கே இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. சைடிங் ஓரமாக நோட்டும் பென்சிலுமாக எட்டு வைத்து நடந்தவளை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரத்தில் யார் பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அதிகாரிக்கு என் வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தா.வே. ஆறு. இது என்னம்மா? மறுபடியும் அப்பா முன்னாடி சொல்லு."

"தார்ப்பாய் மூடின வேகன் சார்."

"ஆறு வேகன் தார்ப்பாய் மூடி நிக்குதுன்னு யாருக்கு எழுதறே?"

"மேஜைக்கு சார்."

"எந்த மேஜைக்கு?"

"சர்ச் ஷெட்ல இருக்கற மேஜைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். பொம்மை ரயில், பிஸ்கட் டின், பலகை, புத்தாண்டு. சொல்லச் சொல்ல எனக்கே அது நம்ப முடியாததாகப் பட்டது. ஓரத்தில் இருக்கும் டிக்குகள் யார் போட்டது, எதற்காக இரண்டு பேர் எண்ண வேண்டும் என்று கேட்டார். தப்பு வரக் கூடாது என்பதற்காக என்றேன். "யாருக்குத் தப்பு வரக் கூடாது?" என்றார்.

ஒரு கான்ஸ்டபிளைச் சைக்கிளில் இரும்புலியூருக்கு அனுப்பினார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். திரும்பி வந்தவர், "அய்யா, பலகைங்கள அடுக்கி வெச்சிகீறாங்க. ரயிலு ஒண்ணும் காணோம். ஒரு துணில மலை மட்டும் வரைஞ்சி கீது" என்றார்.

"வண்டியெல்லாம் அவங்கவங்க வீட்டுல இருக்கு சார்" என்றாள் என் மகள்.

"எத்தன வூட்ல?" என்றார் கான்ஸ்டபிள்.

"அஞ்சு."

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். எங்களை அவர் பெரும்பாலும் நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவருக்குக் காகிதத்தில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. மறுபடி நோட்டைப் புரட்டினார். முன்பாதியில் ஒரு பக்கத்தில் நின்றார். நான் தினமும் காலை ரயிலில் எழுதியவை அவை. எதிரே வந்த வண்டி, எந்த நேரம், எந்த ஸ்டேஷனில் கடந்தது, எத்தனை வேகன். மூன்று மாதத்துக்கு நாள் தவறாமல் எழுதியிருந்தேன்.

"இது வேற கையெழுத்து மாதிரி இருக்கே?"

கேட்டது அவளை. பார்த்தது என்னை.

நான் வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. திறந்திருக்க மாட்டேன். அந்த ஒரு கணத்தில் சுற்றறிக்கையின் அடியில் போட்ட என் கையெழுத்தும், என் அலுவலக அதிகாரியின் முகமும், வீட்டில் இருப்பவர்களும் வரிசையாக வந்துபோனார்கள். நான் அரசு ஊழியன், அவள் மாணவி. மாணவி என்றால் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேனா? கணக்குப் போடும் அளவுக்கு நிதானம் இருந்ததாகவும் நினைவில்லை.

"ரெண்டும் என்னோடதுதான் சார்" என்றாள் அவள். "ஓடற வண்டில எழுதினா அப்படித்தான் வரும்."

"மொத்த நோட்டும் உன்னோடதா?"

"ஆமா சார்."

"சரி, எழுதிக் கொடு."

அவள் எழுதினாள். நோட்டும் அதில் உள்ள எல்லாக் குறிப்புகளும் தன்னுடையவை, பொழுதுபோக்குக்காக எழுதியது, இனி இப்படிச் செய்ய மாட்டேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அதன் கீழே, தந்தை என்ற இடத்தில், நானும் கையெழுத்திட்டேன். நோட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் கார்டு, "விட்டுட்டாங்களா? நல்லது, நல்லது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு நடந்தோம். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அவள் கல்லூரியில் நடந்த ஏதோ ஒரு வேடிக்கையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்து எனக்காகப் பேசினாள்.

அவள் குளிக்கப் போனதும் என் மனைவி கேட்டாள். அவள் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர். விஷயத்தைச் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"முன்னாடி பக்கமெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"சொன்னீங்களா?"

அவள் ரசத்தை இறக்கி வைத்தாள். "அவ முதல்ல சாப்பிடட்டும்" என்றாள். அதன்பின் இந்த நான்கு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புத்தாண்டன்று நாங்கள் எதையும் காட்டவில்லை. சங்கத்தை யாரும் கலைக்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் ஒவ்வொருவருக்கும் வேறு வேலை வந்தது. என்னிடம் இருந்த டின்னைப் பரண்மேல் போட்டேன். அவள் பட்டம் வாங்கினாள், டியூஷன் எடுத்தாள், ரயில்வே கிளார்க் தேர்வை இரண்டு முறை எழுதினாள். இரண்டாவது முறை தேறினாள். நேர்முகத்திலும் தேறினாள். அப்புறம் அந்தப் படிவம் வந்தது.

நான் அரசுப் படிவங்களோடு இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தவன். இதுவும் எனக்குத் தெரிந்த படிவம்தான். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா? உண்டென்றால் முழு விவரம் தருக. தகவலை மறைத்தது தெரிந்தால் எந்த நேரத்திலும் வேலை போகும் என்று மேலேயே அச்சிட்டிருந்தது.

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "இதுக்கு என்னப்பா எழுதறது?"

"அது கைது இல்லையேம்மா. சும்மா உட்கார வெச்சாங்க."

"மூணு மணியிலேர்ந்து ஏழரை வரைக்கும் வெளியே விடலை. அதுக்கு வேற என்ன பேர்?"

"இல்லைன்னு எழுதினா யார் போய்ப் பார்க்கப் போறாங்க?"

"பார்த்தா?"

நான் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றேன். திரும்பி வந்து, நான்கு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அது என் நோட்டுன்னு எழுதும்மா. நான்தான் உன்னை அனுப்பினேன்னு எழுது. நானும் தனியா ஒரு லெட்டர் தரேன்."

அவள் கோபப்படவில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பவள்போலப் பொறுமையாகச் சொன்னாள். "அன்னிக்குச் சொல்லியிருந்தா சரிப்பா. இப்ப சொன்னா, அன்னிக்கு நான் எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிடும். கீழே நீங்க கையெழுத்துப் போட்டதும் பொய்னு ஆயிடும். ரெண்டு பேரும் மாட்டுவோம்."

அவள் சொன்னதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. அலுவலகக் கோப்பு ஒன்றை எப்படிப் படிப்பார்கள் என்று தெரிந்திருப்பது என் தொழில்.

'ஆம்' என்று எழுதினாள். விவரத்தைத் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் அவளை நன்கறிந்த கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்று வேண்டும். என் அதிகாரி அவளைக் குழந்தையிலிருந்து அறிந்தவர். நாளைக்கே அவரிடம் கொண்டுபோகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா. அவர் முழுசும் படிப்பார். அப்புறம் உங்களைக் கேப்பார். அம்மா ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட வாங்கிக்கறேன்."

மறுபடியும் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாள். நான் சரி என்றேன். நான்கு வருஷம் இதையே நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவன், இரண்டாவது தடவையும் சரி என்றுதான் சொன்னேன்.

படிவம் போய் ஏழு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. பதினொரு மணித் தபாலுக்காக அவள் வாசலுக்குப் போவதில்லை. விடுமுறை நாட்களில் நான்தான் போகிறேன்.

படிவம் எழுதிய அன்று தனித்தாளை என்னிடம் நீட்டி, "இங்கிலீஷ் சரியா இருக்கா பாருங்கப்பா" என்றாள். படித்தேன். நோட்டும் அதிலுள்ள எல்லாக் குறிப்புகளும் தன்னுடையவை என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இங்கே ஒரு கமா வேணும்" என்றேன்.

போட்டாள். "வேற ஏதாவது?" என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன்.