எந்த வார்த்தை போயிற்று

காலையில் எங்கள் பொம்மனஹள்ளி வீட்டில் என்னை எழுப்புவது செல்போன் இல்லை. சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம். சிவாஜிநகரில் அக்கா வாங்கியது. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்க்கும் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர், இதே ஊரின் ஆஸ்டின் டவுன்காரர். நாங்கள் இருவருமே ஸ்பெயினைப் படத்தில்தான் பார்த்திருந்தோம்.

பெரிய சொற்களால் எனக்குத் தொல்லை வந்ததே இல்லை. மண்டை காய்ந்ததெல்லாம் 'கோ ஆஃப்' மாதிரிப் பொடிச் சொற்களால்தான். கரண்ட் 'கோ ஆஃப்' ஆனால் நின்றுபோகிறது. பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுப்போகிறது. அலாரம் 'கோ ஆஃப்' ஆனாலோ அடிக்கிறது! ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை. அக்கா எதையும் செய்து பார்த்துத்தான் எழுதுவார். 'டேக் ஆஃப்' வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், கையை விமானமாக்கி மேலே ஏற்றிப் பார்ப்பார். கடிகாரமும் அதற்காக வாங்கியதுதான். ஆபீஸே சிரிக்கும், நானும்தான்.

ஒரு முறை, பச்சைக் குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் கருவியின் கையேடு வந்தது. அலாரம் அடித்தால் உடனே குழந்தையைப் பாருங்கள் என்று அதில் ஒரு வரி. முந்தைய பக்கத்தில், கரண்ட் நின்றுபோனால் என்று இன்னொரு வரி. ஆங்கிலத்தில் இரண்டுமே 'கோ ஆஃப்'. அங்கே அக்கா எழுதிய 'நின்றுபோனால்' என்ற ஸ்பானிஷ் சொல்லையே மென்பொருள் அலாரம் வரியிலும் தானாக நிரப்பி, அலாரம் நின்றுபோனால் குழந்தையைப் பாருங்கள் என்று ஆக்கியிருந்தது. அக்கா அதை மாற்றினார். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு ரெண்டு ஸ்பானிஷ் இருந்தா கிளையன்ட் ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. ரூல் தெரியும்ல?"

அக்கா கடிகாரத்தை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்து அலறவிட்டார். "இது நின்னுபோச்சா சார்? நின்னாதான் போய்ப் பாக்கணும்னு குழந்தையோட அம்மா உக்காந்திருந்தா?"

ஹாலே எட்டிப் பார்த்தது. சார் முகம் சிவந்து, "நான் பாத்துக்கறேன்" என்று ஃபைலைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டார். மாலையில் அது கிளையன்ட்டுக்குப் போய்விட்டது. எந்த வார்த்தையோடு போயிற்று என்று நான் சாரிடம் கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சு, விடும்மா" என்றார். அக்காவை வேறு வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவர் வேலையையே விட்டுவிட்டார். போகும்போது கடிகாரத்தை என்னிடம் தந்து, "நீயே வச்சுக்கோ, இது என் வீட்டுல வேண்டாம்" என்றார்.

இப்போதும் ஃபோனில் பேசினால், "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு என்ன தெரியும்? சார் கடைசியில் மாற்றியிருப்பார் என்று சில நாள் தோன்றும். நல்ல மனுஷர், அவர் வீட்டிலும் அப்போது கைக்குழந்தை இருந்தது. வேறு சில நாள் அவருடைய ரூல் ஞாபகம் வந்து பயமாக இருக்கும். யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

இன்று காலையும் கடிகாரம் அடித்தது. "அதை ஆஃப் பண்ணேன்" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே. கை நீட்டினேன். யாரோ ஒரு தாய் இந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடினாளா, நிற்கட்டும் என்று கையேட்டோடு காத்திருந்தாளா? நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். சாவி தீரும்வரை அது அடித்தது.