கூர்முனையில் ஒரு விரல் ரேகை

ஒலியைவிட ஏழு மடங்கு வேகத்தில் காற்றைப் பாய்ச்சும் சோதனைக் கூடத்தில் அவர் ஃபிட்டர். புதிய விமானத்தின் சின்ன மாதிரியை இரும்புக் குழாய்க்குள் பொருத்துவார். காற்று பாய்வதோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம். கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே, அதற்குள் இருபது சோதனையாவது முடிந்துவிடும். அந்த ஒரு பாய்ச்சலுக்கு நாள் முழுக்க முதுகு ஒடிய வேண்டும்.

"அப்படி என்னதான் வேகம்?" என்று கேட்பவர்களிடம் சொல்வார்: "சத்தம் முன்னாடி ஓடிப்போய், வழி விடுன்னு காத்துகிட்ட சொல்லும். அதை முந்திட்டா, சேதிக்கு முன்னாடி ஆளு வந்து நிப்பான். அஞ்சு மடங்கு தாண்டினா, ஒதுங்க நேரமில்லாத காத்து நசுங்கி, இரும்பு இளகற மாதிரி சுடும்."

அவர் மனைவி இறந்ததும் அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல். நான்கு வருடமாக வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். பேச்சுத்துணைக்குச் சுவர்.

அன்று, கடல் தாண்டி வாழும் மகள் விமானம் மாற இந்த ஊரில் இறங்குகிறாள். இரண்டு மணிக்கு வேலையிட வாசலுக்கே வந்துவிடுவாள். நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். சோதனை ஒரு மணிக்கு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கைபேசியை வாசல் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வேலையில் ஓடி, கையுறையைக் கழற்றி, 'வந்துட்டே இருக்கேம்ப்பா' என்ற சேதியைப் படித்தார். அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வந்து, வெறுங்கையால் மாதிரியின் கூர்முனையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் குழாயை மூடினார். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க மூன்று மணி நேரம். அதுவரை ஃபிட்டர் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், குழாயின் உட்புறத்தைக் காட்டும் கேமரா திரையில் பார்த்தார். முனையில் பிசுக்கு. அவருடைய கட்டைவிரல்.

அந்த வேகத்தில் பிசுக்கும் ஒரு மேடுதான். வழுக்கிப் போக வேண்டிய காற்று அதில் இடறிக் கலங்கும். முனைக்குப் பின்னால், உண்மையில் இல்லாத சூட்டைக் காட்டும். சோதனையை நடத்தும் இன்ஜினியரம்மா கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் முகத்தைப் பார்க்கலாம். பாழாய்ப்போன வாய் திறந்தது.

"நிறுத்துங்கம்மா. முனையில என் கை பட்டிருக்கு."

"ஐயோ! இன்னைக்கு உங்க பொண்ணு வர்ற நாளாச்சே?"

"அதனாலதான் பட்டுடுச்சு."

திறந்து, துடைத்து, மூடி, மறுபடி மூன்று மணி நேரம். மகளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லி வாசலுக்குச் சேதி அனுப்பினார்கள். நாலே காலுக்குக் காற்று பாய்ந்தது. அப்போது எடுத்த படத்தில் மாசு மருவில்லை. அவர் வாசலுக்கு ஓடினார்.

"இப்பதான் போச்சு," என்றார் காவலர். "நாலு தாண்டியும் இந்தக் கண்ணாடியில கைய வெச்சு உள்ளயே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

கண்ணாடியில் ஐந்து விரல்களும் அப்படியே பதிந்திருந்தன. காவலர் வழக்கம்போலத் துணியை எடுத்தார். ஃபிட்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதைத் துடைக்காதீங்க," என்றார்.