புரட்டாசி விரதம் இருந்த நாய்

எங்கள் வீட்டு நாய் வருடத்தில் ஒரு மாதம் பெருமாள் பக்தையாக இருந்தது. அதன் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. புரட்டாசி பிறந்ததும் அம்மா கறிச்சட்டியையும் மீன்சட்டியையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். அதன்பிறகு ஐப்பசி வரைக்கும் முட்டை ஓடுகூட காம்பவுண்டுக்குள் வரக்கூடாது. நாய்க்கும் தயிர்சாதம்தான். சனிக்கிழமையானால் ஒரு உளுந்தவடை.

மற்ற மாதங்களில் மட்டும் சத்துணவா தின்றது என்றால், அதுவும் இல்லை. கறிக்குழம்பில் மிஞ்சியது, டீயில் நனைத்த பன், தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது என் கையிலிருந்து பிடுங்கிய பஜ்ஜி. நடைப்பயிற்சியில் நாங்கள் இருவருமே இளைக்கவில்லை.

போன புரட்டாசியில் அதற்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. தையல் போட்ட வயிற்றோடு அதைத் திருப்பிக் கொடுத்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"புண்ணு ஆறணும்னா புரதம் வேணும். வேகவச்ச கோழி, முட்டை, கூடக் கொஞ்சம் சோறு, கேரட்டு. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு ஒண்ணும் ஆகாது."

அம்மா பவ்யமாகக் கேட்டாள், "ஐப்பசி பெறந்ததும் ஆரம்பிக்கலாமா சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புரதத்துக்கு வழி கண்டுபிடித்தாள். மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை. அதை வேகவைத்துப் பிழிந்து, தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தாள். நாய் சோற்றை நக்கிவிட்டு ஒவ்வொரு உருண்டையாகத் தரையில் துப்பியது. "அழகரு பாத்துக்கிருவாரு" என்றாள் அம்மா. அந்தப் பெருமாளுக்கு அழகர்மலையில் ஆயிரம் வேலை இருக்கும்போது இதையும் ஏன் அவர் தலையில் கட்டுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது அவித்த முட்டைகளைக் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். வாசலிலேயே அம்மா மறித்தாள்.

"பைக்குள்ள என்னடி?"

"ஆபீஸ் பேப்பரு."

"ஆபீஸ் பேப்பரு முட்டை நாத்தமா அடிக்கும்?"

முட்டைகள் தெருநாய்க்குப் போயின. அது ஏற்கெனவே ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டு பாயின் மனைவியிடம் போய் நின்றேன். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவர் நாயைத் தொடமாட்டார். ஆனால் அதற்கு உடம்பு சரியில்லை என்றதும் கண் கலங்கிவிட்டார். அவர் கோழியை வேகவைத்துத் தருவது, நான் நாயைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே ஊட்டி, வாயைத் துடைத்துக் கூட்டிவருவது என்று ஏற்பாடு. அம்மா கண்டும் காணாமல் இருந்தாள்.

முதல் நாளே நாய் தட்டை நக்கி நக்கிப் பளபளப்பாக்கியது. எனக்கு ஒரே பெருமை. அடுத்தடுத்த நாட்களில் அதற்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அப்புறம்தான் தட்டை முகர்ந்து பார்த்தேன். கல்யாண வீட்டு வாசனை.

"அக்கா, மசாலா போட்டீங்களா?"

"மசாலாவா? சேச்சே. இஞ்சி பூண்டு லேசா, உப்பு கொஞ்சம், அம்புட்டுத்தான். வாயில்லாச் சீவனுக்கு வெறுங்கறிய எப்படித்தா வைக்கிறது? மனசு வரலையே."

அவரை எப்படித் திட்டுவது? அந்தத் தெருவிலேயே உப்பில்லாமல் ஒரு பண்டம் அவர் கையிலிருந்து வெளியே போனதில்லை.

டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, "ஓரம் விட்டுருச்சு. உடம்புல தெம்பே இல்ல. இப்படியே போனா காப்பாத்துறது கஷ்டம்" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா தையல் மேல் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். நாய் அவள் மடியில் தலையை வைத்துக் கிடந்தது. எனக்கு அம்மா மேல் கோபம், பெருமாள் மேல் கோபம். அழுகையும் வந்தது.

விடிந்தால் சனிக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்து, நாமம் போட்டு, வடை சுட்டு, பெருமாளுக்குப் படைத்து முடித்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து சாக்கை இழுத்தாள். தூசி அவள் நாமத்தின் மேலேயே கொட்டியது.

"எலும்பில்லாமக் கோழி வாங்கிட்டு வா."

நான் நின்றேன்.

"காது கேக்கலையா? ஓடு."

பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செங்கல் கூட்டி, கறிச்சட்டியை ஏற்றினாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். வெந்ததை ஆறவைத்து, நார் நாராகப் பிய்த்து, கேரட்டும் சோறும் சேர்த்துப் பிசைந்து ஊட்டினாள். நாய் அவள் விரல்களையும் சேர்த்து நக்கியது. கேரட்டை மட்டும் பக்குவமாக ஒதுக்கியது.

கையைக் கழுவிவிட்டு அம்மா நேராகப் பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை.

"நான்தான் ஆக்குனேன். கேக்கிறதா இருந்தா என்னையக் கேளு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

கிண்டல் செய்ய எனக்கு எத்தனையோ வந்தது. அவள் நாமத்தில் ஒட்டியிருந்த தூசியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என்ன பாக்குற? சாயங்காலம் முட்டை வாங்கிட்டு வா. பைக்குள்ள ஒளிக்காத, கையிலயே கொண்டா."