எட்டடி மண்ணும் ஒரு கத்தரியும்

உகாதிக்கு முந்தின நாள் காலை. வாசலில் சிமென்ட் மூட்டையோடு மேஸ்திரி. கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று இருக்கும் எட்டடி மண்ணை மூடி, மனைவியின் ஸ்கூட்டிக்கு மேடை போட வந்திருக்கிறார்!

மார்கழியிலேயே அவள் கெடு வைத்துவிட்டாள். உகாதிக்குள் தலையில் வைக்கப் பூ வரவேண்டும். இல்லையென்றால் சிமென்ட்.

அவளைக் குறை சொல்வானேன்? வருடாவருடம் கடையில் பூத்து நிற்கும் செடியாகப் பார்த்துத்தான் வாங்குவேன். செண்டுமல்லி, ஜினியா... மாசி வெயில் எட்டிப் பார்த்தால் எல்லாம் கருவாடு. மிஞ்சியது ஒரு குண்டுமல்லி. மூன்று வருடமாக இரண்டு வேளையும் தண்ணீர், மாதாமாதம் உரம். கீரைக்கடையே போடலாம், அவ்வளவு இலை. பூ? ம்ஹூம்.

கெடு வைத்த மறுநாளே பலமனேர் சாலையில் நாகம்மா அக்காவின் நர்சரிக்கு ஓடினேன். பல வருடம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு மல்லி பறித்துவிட்டு, இன்று சொந்தமாக நர்சரி நடத்துபவர். வழக்கம்போலப் பூவோடு நின்ற தொட்டியைத் தூக்கினேன். பிடுங்கி வைத்துவிட்டார்.

"கண்ணாலம் முடிஞ்ச வூட்ல போயி பொண்ணு கேக்குறியே சார். அது பூத்து முடிச்சிக்கினு கீது. உனுக்கு எந்த மாசத்துக்குப் பூ வேணும், அத்த சொல்லு."

செடிக்காரர்களிடம் பெயர் கேட்டிருக்கிறேன், நிறம் கேட்டிருக்கிறேன்... மாதம்?

மாசிக்குக் காகிதப்பூ, வைகாசிக்கு மே ஃப்ளவர் கிழங்கு எடுத்துக் கொடுத்தார். ஒன்று முள்குச்சி, இன்னொன்று வெங்காயம் மாதிரி. ஒருமுறை நட்டால் வருடாவருடம் அவை பாட்டுக்குப் பூக்குமாம். நடுவில் பங்குனி, சித்திரைக்கு? வீட்டு மல்லியே போதும் — தண்ணீரை நிறுத்தி மண்ணை வெடிக்கவிடு, பிறகு வருகிறேன் என்றார்.

பத்து நாளில் வந்தார். மண்ணை விரலால் கிளறினார். ஈரம்!

மனசு கேட்காமல் தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்தான். ஆனால் கை தானாகப் பக்கத்து வீட்டு நாயைக் காட்டியது. நாகம்மா நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியிடம் திரும்பினார்.

"இந்த நாய இன்னும் ஒரு வாரம் கட்டிப் போடும்மா."

அடுத்த வாரம் கத்தரியோடு வந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். மிச்ச இலையையும் உருவிப் போட்டார். மொட்டைக் குச்சிகள்.

"வேளா வேளைக்கு சோறு வந்துக்கினே இருந்தா அது எதுக்கு சார் பூக்கணும்? கொஞ்சம் காயணும். இனிமே ஊத்து."

மாசியில் காகிதப்பூ வாசலையே சிவப்பாக்கியது. இதையா தலையில் வைப்பது என்றாள் மனைவி. நியாயம்தானே? எட்டடி மண்ணும் போனது என்றே முடிவு செய்து, தண்ணீர் ஊற்றும்போதுகூட மல்லியை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது மேஸ்திரி அளக்க டேப்போடு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மல்லியின் புதுக்கிளை நுனிகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக மொட்டு!

"இதும்மேலயா சிமென்ட் போடச் சொல்றீங்கம்மா?"

மனைவி மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கிண்ணம் எடுத்து வந்தாள். உகாதி அன்று அவள் தலையில் அரை முழம்.

அந்த வெங்காயக் கிழங்கு வைகாசிக்காக மண்ணுக்குள் காத்திருக்கிறது. நாகம்மா அக்கா செடியைப் படித்தவர். என் மனைவி நாகம்மாவைப் படித்துவிட்டாள் — ஒரு வாரமாக எனக்கு மாலை டிபன் கிடையாது. கேட்டால், "கொஞ்சம் காயட்டும்" என்கிறாள்.